காணாமற்போகும் தமிழ்ப் பக்கம்

இலங்கையின் அரச இணையத்தளங்களில் 'தமிழ்' என்பதைச் சொடுக்கினால் சிலவேளை ஆங்கிலமோ சிங்களமோ எதிர்ப்படும். தமிழ் வாசகம் இடப்படாதவிடத்து வேறொரு மொழியைக் காட்டுமாறு மென்பொருள் அமைக்கப்பட்டிருப்பதே உடனடிக் காரணம். மூலகாரணம் கணினியைவிடப் பழையது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. தமிழ்ப் பாவனைக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகளுக்கு 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது, சட்டம் இருந்தது. போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை.

இயந்திரம் இதைத் தீர்க்கும் என்கிறார்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் 2014இல் சிங்களமும் சேர்ந்தன. அரச ஆவணங்களுக்கென மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சிங்கள–தமிழ்ப் பொறியொன்றை உருவாக்கியது. ஆனால் இத்தகைய பொறிகள் இருமொழியிலும் உள்ள ஆவணங்களைப் பார்த்தே கற்கின்றன. அலுவலகங்கள் எழுதாத தமிழை அவை எங்கே கற்கும்?

திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியை எடுத்துக்கொள்வோம். சிங்கள எழுத்தில் றகர ரகர வேறுபாடு இல்லை; ஆங்கிலத்திலோ 'கேணி'க்குள் இல்லாத ரகரம் புகுந்து 'கேர்ணி' ஆகிறது. பெயராவது போகட்டும். கிழக்கில் நீரைக் கடத்தும் இழுவைப் படகுக்குப் 'பாதை' என்று பெயர். 2021 நவம்பர் 23இல் இங்கு கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்களையும் பலிகொண்டது அத்தகைய பாதைதான். 'பாதை பழுது' என்று தமிழில் எழுதப்படும் முறைப்பாட்டைப் பொறி 'வீதி பழுது' எனப் பெயர்த்தால், கடிதம் தார் போடுபவர்களின் மேசைக்குப் போய்விடும்.