மறதி காத்த இராயபுரம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் வண்டியில் வடக்கே சென்றால் அடுத்து வருவது இராயபுரம். அங்கே இறங்குவோரிலும் அந்த உயர்ந்த தூண்களை நின்று பார்ப்பவர் சிலரே. நாமும் பல்லாண்டுகள் அப்படிக் கடந்து போனவர்கள்தாம்.

தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்ட இடம் இது. 1853இல் பம்பாயின் போரிபந்தரிலும் 1854இல் ஹவுராவிலும் புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த வாய்ப்பு சென்னைக்கு. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் இன்றைய வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, மக்கள் பயணம் செய்தனர்.

ஏன் இராயபுரம் என்று இன்றைய மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அன்று சென்னையில் துறைமுகமே கட்டப்படவில்லை. கப்பல் சரக்கு மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தது. அதை வாங்கி விற்ற வணிகர்கள் கறுப்பர் நகரத்தில், அதாவது பின்னாளைய ஜார்ஜ் டவுனில், இருந்தனர். அதன் வடபுறத்தை ஒட்டிய படகுக்காரர்களின் ஊர் இராயபுரம். பேதுருவை இராயப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கு. அவர் பெயரால் எழுந்த தேவாலயமே ஊர்ப்பெயருக்கும் காரணம் என்பர்.

1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. பயணியர் கூட்டம் மெல்ல அங்கே திரும்பிற்று. 1922இல் இரயில்வே நிறுவனத்தின் தலைமையகமும் இராயபுரத்தை விட்டு நீங்கியது. பிறகு சரக்கும் கிடங்கும் தூசியுமாகப் பல பத்தாண்டுகள். 2005இல்தான் கட்டடம் செப்பனிடப்பட்டது.

இந்தப் புறக்கணிப்பை முற்றிலும் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. போரிபந்தரின் பழைய நிலையம் இருந்த இடத்தில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுராவின் முதல் நிலையமும் புதிய மாளிகைக்கு வழிவிட்டது. கூட்டம் பெருகிய நிலையங்கள் தம் பழைய உடலை இழந்தன. ஆள் குறைந்த இராயபுரத்தை இடித்துப் பெரிதாக்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. அதனால்தான் நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய நிலையக் கட்டடம் என்ற பெருமை இதற்குக் கிட்டியது. (அதே பாதையின் மறுமுனையிலிருந்த வாலாஜா ரோடுக்காரர்கள் வழக்காட வரலாம், அது தனிக் கதை.)

இங்கே ஒரு பெரிய முனையம் வேண்டும் என்பது வடசென்னையின் நெடுநாள் கோரிக்கை. வெளியூர் செல்ல மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைபவர்கள் அதைக் கேட்பதில் தவறேதுமில்லை. அப்படியொன்று அமையுமானால், பழைய மண்டபத்தை வேலிக்குள் காட்சிப்பொருளாக நிறுத்திவிடாமல், பயணச்சீட்டு வாங்கும் இடமாக அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்போம்.