தோலுக்கு அடியில் ஒரு வாயில்

நோயுற்றோரைச் சந்திக்க மருத்துவமனைகளுக்குச் செல்லும் நாம், "நரம்பு கிடைக்கவில்லை" என்னும் சொற்களைப் பலமுறை கேட்டிருக்கிறோம். மக்கள் இங்கே நரம்பு என்பது, குருதியை இதயத்திற்குத் திருப்பிக் கொணரும் சிரையையே. மாதக்கணக்கில் மருந்தேற்றிய கைகளில் சிரைகள் தடித்து, ஊசிக்கு இடம் கொடாமற் போகின்றன. புற்றுநோய் மருந்துகளுள் சில மிகக் கடுமையானவை. சிரையிலிருந்து கசிந்தால் தோலையும் தசையையும் புண்ணாக்கிவிடும். இத்துன்பத்தைத் தணிக்க மருத்துவ உலகம் நடந்துவந்த வழி நெடியது.

1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்கும் சுற்றி இதயத்திற்கே திரும்புவதை விளக்கி நூல் வெளியிட்டார். 1656-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென், இறகின் தண்டையும் விலங்கின் நீர்ப்பையையும் கொண்டு நாயின் சிரையில் அபின் கரைசலைச் செலுத்தினார். பின்னாளில் இலண்டனில் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த ரென் இவரே.

எனினும், உயிருள்ள மனித இதயத்திற்குள் குழாயைச் செலுத்த மருத்துவர் நெடுங்காலம் அஞ்சினர். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், 25 வயதும் நிறையாத வெர்னர் ஃபோர்ஸ்மன், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், சிறுநீர்ப் பாதைக்கெனச் செய்யப்பட்ட மெல்லிய குழாயைத் தம் கைச் சிரை வழியாக 65 சென்டிமீட்டர் செலுத்தினார். அவ்வாறே நடந்து சென்று எக்ஸ்ரே எடுத்தார். குழாயின் நுனி இதயத்தில் தெரிந்தது. 1956-இல் ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படிகளை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காண்கிறோம். உணவு உட்கொள்ள இயலாதோருக்குச் சிரை வழியே நீண்டநாள் ஊட்டமளிக்க, 1973-இல் புரோவியாக்கும் அவருடைய தோழர்களும் சிலிக்கோன் குழாய் ஒன்றை அறிமுகம் செய்தனர். 1979-இல் ராபர்ட் ஹிக்மன் அதன் உட்துளையை அகலமாக்கி, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கு ஏற்றதாக்கினார். பலர் இவற்றால் பிழைத்தனர். ஆனால் குழாயின் மறுமுனை மார்பின் வெளியே தொங்கியது. கட்டு நனையாமல் காக்கவேண்டும். அவ்வழியே கிருமி புகலாம். நோயாளி என்பதைக் குழாயே நாள்தோறும் நினைவூட்டும்.

1982-இல் ஜான் நீடர்ஹூபரும் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவரும், முழுவதும் தோலுக்கு அடியிலேயே அமையும் சாதனத்தைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். இதையே இன்று 'போர்ட்' என்கிறோம். இலத்தீனில் 'போர்த்தா' என்றால் வாயில். ஏறத்தாழ ஒரு நாணயத்தின் அகலமுள்ள சிறு கிண்ணம் அது. அதன் வாயைத் தடித்த சிலிக்கோன் மூடி அடைத்திருக்கும். பெரும்பாலும் காறை எலும்பிற்குக் கீழே பதிப்பர். அதிலிருந்து புறப்படும் குழாய், இதயத்தை அடையும் பெருஞ்சிரையில் முடியும். அங்கே குருதி பெருக்கெடுத்து ஓடுவதால் கடுமையான மருந்தும் உடனே கலந்து நீர்த்துவிடுகிறது.

மூடியைத் துளைக்கும் ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு. சியாட்டில் பல் மருத்துவர் ரால்ஃப் ஹூபர் 1940-களில் வலி குறைய வேண்டி நுனி வளைந்த ஊசியை அமைத்தார். அத்தகைய ஊசி சிலிக்கோனைத் துண்டாக வெட்டி எடுக்காமல் விலக்கி நுழைகிறது. எடுத்ததும் துளை மூடிக்கொள்கிறது. ஆகவே ஒரே மூடியைப் பல நூறு முறை குத்தலாம்.

இவ்வாயிலுக்கும் குறைகள் உண்டு. தோலில் ஊசி குத்தும் வலி முற்றிலும் நீங்கவில்லை. குருதி உறையலாம், கிருமி தொற்றலாம். எனவே பயன்படுத்தாத காலத்திலும் குறித்த இடைவெளியில் அதைக் கழுவிப் பேணவேண்டும். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதன் செலவு ஏழைக் குடும்பங்களுக்குச் சுமை என்பதையும் நாம் மறைக்க இயலாது.

ஆயினும் ஒன்றை நன்றியோடு குறிப்போம். மருந்து எவ்வாறு உள்ளே செல்லும் என்பதே முதல் முன்னூறு ஆண்டுகளின் கேள்வி. ஒரு மருந்தேற்றலுக்கும் அடுத்ததற்கும் இடையே அம்மனிதர் எவ்வாறு வாழ்வார் என்ற கேள்வி பிந்தியே எழுந்தது. ஊசி இல்லாத நாள்களில் அவர் தலைமுழுகலாம். பேரக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். திருவிழாக் கூட்டத்தில் எவர் பார்வையும் தம்மேல் நிலைக்காமல் நடந்து செல்லலாம். நோயோடு போராடுபவருக்கு அந்நாள்களும் வாழ்நாள்களே.