தொலைபேசி – அறிவுத்தள இணைப்பு

நிறுவனத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளையும், அங்குள்ள குழுவினர் எழுதிச் சேர்த்து வைத்த விடைகளின் தொகுப்பையும் மென்பொருள் வழியே தானாக இயங்கும்படி பிணைக்கும் முறை. இந்த விடைத் தொகுப்பை அறிவுத்தளம் என்பர். மணி அடிக்கும்போதே அழைப்பவர் யார், முன்பு என்ன கேட்டார், அதற்கான விடை எது என்பவை பணியாளரின் திரைக்கு வந்துவிடுவது இணைப்பின் ஒரு பாதி. பேசி முடித்தபின், அந்த உரையாடலில் கிடைத்த புதிய விடை அறிவுத்தளத்தில் போய்ச் சேர்வது மறு பாதி. முதல் பாதியை எந்திரமே செய்து முடித்துவிடும். இரண்டாவது பாதிக்கு ஆள் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். முறையின் முழுப் பயனும் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

இத்துறையில் தமிழ்நாட்டின் பெயர் சொல்லும் பணி சென்னையில் நடக்கவில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் நடந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011-ல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால், நெல்வயலும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கண்ணுக்கு எட்டும் இடம் அது. வாடிக்கையாளர் கேள்விகளைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருளை அந்த அலுவலகத்தினர் உருவாக்கினர். 2016-ல் அது வெளிவந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். சுற்றுவட்டார இளைஞர்கள் உள்ளூரில் இருந்தபடியே உலகச் சந்தைக்கான மென்பொருளை எழுத முடியும் என்பதற்கு டெஸ்க் அசைக்க முடியாத சான்று.

டெஸ்க்கில் ஒவ்வொரு கேள்வியும் ‘டிக்கெட்’ என்ற பதிவாகிறது. மின்னஞ்சல், அரட்டை, தொலைபேசி என எந்த வழியில் வந்தாலும் ஒரே வரிசையில் நிற்கும். அறிவுத்தளமும் அதே மென்பொருளுக்குள்ளேயே உண்டு. சில கட்டுரைகளை ஊரார் எல்லாரும் படிக்கலாம். சிலவற்றைப் பணியாளர் மட்டுமே பார்க்கும்படி வைக்கலாம். தொலைபேசியைக் கொண்டுவந்து சேர்ப்பது ‘போன்பிரிட்ஜ்’ என்ற இணைப்புப் பாலம். எக்ஸோடெல், ஓசோன்டெல், நோலாரிட்டி போன்ற இந்தியத் தொலைபேசிச் சேவைகளும் இவ்வகை மென்பொருள்களோடு இணைகின்றன. ஜோஹோவுக்கு வெளியே உள்ள செயலிகளைச் சேர்க்க ‘ஜோஹோ ஃப்ளோ’, 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஜாப்பியர்’ ஆகியவை பயன்படுகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். அழைப்பு வந்ததும், எடுத்ததும், முடிந்ததும் தொலைபேசி அமைப்பு ஒவ்வொரு முறையும் ஒரு சிறு செய்தியை இணையம் வழியே அனுப்பும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். அழைத்த எண், நேரம், பேசிய விநாடிகள், ஒலிப்பதிவு இருக்கும் முகவரி ஆகியவை அதில் இருக்கும். அதைப் பெறும் நிரல் எண்ணைத் தேடி ஆளைக் கண்டுபிடித்து, டிக்கெட் திறந்து, தலைப்புக்கேற்ற கட்டுரைகளைப் பக்கத்தில் காட்டும். அழைப்பு தவறிப்போனாலும் டிக்கெட் உருவாகும்படி அமைக்கலாம். மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருப்பது நம் நாட்டில் வேரூன்றிய பழக்கம். ஆகவே மற்ற வசதிகள் எது இல்லாவிட்டாலும் இது இருந்தே ஆக வேண்டும்.

இணைப்பு சறுக்கும் முதல் இடம் எண்தான். தென்காசியின் எஸ்.டி.டி. குறியீடு 04633. ஒரே தரைவழி எண் ஒரு பதிவில் 04633 என்றும், இன்னொன்றில் +91 4633 என்றும், உள்ளூர்க்காரர் எழுதியதில் குறியீடே இல்லாமலும் கிடக்கும். மென்பொருளுக்கு இவை மூன்று ஆட்கள். எல்லா எண்களையும் நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் இ.164 என்ற உலக வடிவத்துக்கு மாற்றிய பிறகே இணைப்பைத் தொடங்க வேண்டும். இந்த வடிவில் ஓர் எண் 15 இலக்கத்தைத் தாண்டாது. இதைத் தள்ளிப்போட்டால், பத்து வருட வாடிக்கையாளரிடமும் “நீங்க யாரு?” என்று கேட்கும் நிலை வரும்.

தென்காசி அருகே அருவிகளுக்குப் பேர்போன குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்கொண்டால் மற்றவை விளங்கும். ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும் வரவேற்பறைத் தொலைபேசி ஓயாது. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவிக்கு எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா, எண்ணெய்க் குளியலுக்கு ஆள் கிடைப்பார்களா. தூரமும் வாகன நிறுத்தமும் ஒருமுறை எழுதி வைத்தால் பல மாதம் நிற்கும் விடைகள். பணியில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடத் திரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். “மூணு குழந்தைகள், ஒரு பாட்டி, கூட்டம் குறைவா இருக்கிற அருவி எது?” என்று ஒருவர் கேட்க, அனுபவமுள்ள மேலாளர் சொல்லும் பதில் மட்டும் எங்கும் எழுதப்படாமல் அவரோடேயே இருக்கிறது. அழைப்பு முடிந்த கையோடு அந்தப் பதிலை நாலு வரியில் எழுத ஒரு பெட்டியைத் திறந்து காட்டுவதே தானியங்கி செய்யக்கூடிய பெரிய உதவி. விடையை அதைக் கண்டுபிடித்த வேலையின் நடுவிலேயே எழுதிவிட வேண்டும் என்ற இந்தக் கோட்பாட்டை, 1992 முதல் அமெரிக்கக் கூட்டமைப்பு ஒன்று வளர்த்து வருகிறது; இப்போது அதை ‘அறிவை மையப்படுத்திய சேவை’ என்கிறார்கள்.

“குளிக்க விடுகிறார்களா?” என்பது வேறு வகைக் கேள்வி. மலையில் மழை வலுத்தால் சில நிமிடங்களில் வெள்ளம் வரும். மாவட்ட நிர்வாகம் குளிக்கத் தடை போடும். நீர் தணிந்ததும் நீக்கும். காலையில் சரியாக இருந்த விடை மதியம் தப்பாகிவிடும். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. இப்படிப்பட்ட இடத்தில் பழைய கட்டுரை ஒன்றை எந்திரம் நம்பிக்கையோடு எடுத்து நீட்டுவது ஆபத்து. எனவே விடைகளை எழுதும்போதே, நிற்பவை எவை, மாறுபவை எவை என்று பிரித்துவிட வேண்டும். மாறுபவற்றில் எழுதிய நேரமும் காலாவதி நேரமும் இருக்க வேண்டும். காலாவதியானதும் கட்டுரை தானே திரையிலிருந்து மறைந்து, ‘நேரில் விசாரித்துச் சொல்லவும்’ என்ற குறிப்பு வர வேண்டும். டெஸ்க் போன்ற மென்பொருள்களில் காலம் சார்ந்த விதிகளை அமைக்க முடியும் என்றாலும், எந்த விடைக்கு எத்தனை மணி நேர ஆயுள் என்பதை ஊரறிந்தவர்தான் சொல்ல முடியும்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கி அதிலிருந்து கட்டுரையின் முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவால் தயாரிப்பது அண்மைக் காலப் போக்கு. ஆங்கிலத்தில் இது நன்றாகவே நடக்கிறது. தென்காசிப் பேச்சில் “குளிக்க விடுதாவளா?” என்று வரும் கேள்வி, பாடப்புத்தகத் தமிழில் பழகிய எந்திரத்துக்கு எளிதாகப் பிடிபடாது. மலையாளம் கலந்து பேசும் செங்கோட்டை, புனலூர்ப் பக்கத்து அழைப்புகளும் உண்டு. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பாஷிணி, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆகியவை இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டி எந்திரத்துக்குப் பழக்கும் பணியில் இருக்கின்றன. வட்டார வழக்கு அதில் போதிய அளவு சேரும்வரை, எந்திரம் தந்த வரைவை ஆள் படித்துத் திருத்தாமல் அறிவுத்தளத்தில் ஏற்றக் கூடாது.

சட்டத்தின் பக்கம் இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. அழைப்பு மையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் நீக்கியது. பணியாளர் வீட்டிலிருந்தோ கிராமத்திலிருந்தோ அழைப்பை எடுப்பது அதன்பின் எளிதாயிற்று. 2023-ல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவை எதற்காகப் பெறுகிறோம் என்று அறிவித்து ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. அழைப்பு ஒலிப்பதிவும் அதில் அடங்கும். அறிவுத்தளத்துக்குச் செல்ல வேண்டியது விடை மட்டுமே. கேட்டவரின் பெயர், எண், நோய் விவரம், பணம் கட்டிய அட்டை எண் ஆகியவை டிக்கெட்டிலேயே நின்றுவிட வேண்டும். தானியங்கி விதியை எழுதும்போது எந்தப் புலம் கட்டுரைக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அனுமதிப்பதே பாதுகாப்பான வழி. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், நீக்குவதற்குள் அது குழுவில் பலர் திரைக்குப் போயிருக்கும்.