ஊர் வழங்கும் பெயர்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, கன்னிவாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கசவனம்பட்டி. சென்ற நூற்றாண்டில் அந்த ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டவர்களுக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. உடுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. பெயர் சொல்லாத ஒருவரை எப்படிக் கூப்பிடுவது? ஊரார் அவருடைய பேசாமையையே பெயராக்கிக்கொண்டார்கள். மௌன குருசாமி என்ற அந்தப் பெயரோடுதான் அவர் 1982இல் சமாதியானார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்றும் அந்த ஊருக்கு ஜனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள். பழனிப் பக்கம் கணக்கன்பட்டியில் மூட்டையும் கையுமாகத் திரிந்த இன்னொருவர் 2014இல் மறைந்தார். அவருக்கு வாய்த்த பெயர் மூட்டை சாமி. பெற்றவர்கள் இட்ட பெயர் எதுவாக இருந்தாலும் அது பின்னால் போய்விட்டது. இரண்டு பேரும் தங்களுக்கு ஒரு பெயரைத் தேடி அலையவில்லை. பெயர்தான் அவர்களைத் தேடி வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் மேல்நாட்டில் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டை மீட்டெடுக்கிறோம் என்று சொல்லும் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தலையெடுத்தன. அவற்றில் சேருகிறவர் தனக்கென்று ஒரு மந்திரப் பெயரைத் தானே தேர்ந்துகொள்வார். மரத்தின் பெயர், பறவையின் பெயர், பழைய தெய்வத்தின் பெயர் என்று எதுவாகவும் அது இருக்கலாம். பிறந்த தேதியின் கூட்டுத்தொகைக்கு ஒத்துவருகிறதா என்று எழுத்துகளைக் கூட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. இதற்கு முன்மாதிரி 1888இல் லண்டனில் தொடங்கிய 'பொன் விடியல்' என்ற மந்திரச் சங்கம். அதன் உறுப்பினர்கள் லத்தீன் வாசகங்களைப் பெயராகச் சூடிக்கொண்டார்கள். அந்த இயற்கை வழிபாட்டு நெறியை இங்கிலாந்தில் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் இளமையில், 1900 முதல், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவர் 1949இல் வெளியிட்ட நாவலில் 'அறிதல்' என்று பொருள்படும் ஸ்கீரே என்ற தன் மந்திரப் பெயரையே போட்டுக்கொண்டார். சூனியக்காரருக்கு எதிரான பழைய சட்டம் அங்கே 1951 வரை நீடித்தது. ஆகையால் அந்தப் பெயர்கள் ஆளை மறைக்கும் திரையாகவும் உதவின. அமெரிக்காவில் மிரியம் சிமோஸ் என்ற பெண் ஸ்டார்ஹாக் ஆனார். 1979இல் வந்த புத்தகத்தால் உலகுக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தான்.

ஒரு மனிதனுக்கு இரண்டாவது பெயரைச் சூட்டும் உரிமை யாருக்கு? அவனுக்கா, அவனைக் கூப்பிடுகிறவர்களுக்கா? திண்டுக்கல் சமவெளியின் நெடிய வரலாறு இதற்கு ஒரு தெளிவான விடையை வைத்திருக்கிறது என்பது என் கருத்து. பெயரை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு உயிர் வருவது நாலு பேர் வாயில் புழங்கும்போதுதான். தமிழில் 'வழங்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கொடுப்பதும் வழங்குவதுதான், புழக்கத்தில் இருப்பதும் வழங்குவதுதான். பட்டத்தை வழங்கினார்கள் என்கிறோம். இந்த ஊர் இப்படி வழங்கப்படுகிறது என்றும் சொல்கிறோம். பெயர் விஷயத்தில் இவ்விரண்டும் ஒரே செயலின் இரு முனைகள். புழங்காத பெயர் கொடுக்கப்படாத பெயர்தான்.

இந்தச் சமவெளியில் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று பழனி வட்டத்துப் பொருந்தலில் இருக்கிறது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. ஓர் ஈமச்சின்னத்துக்குள் நெல் நிறைந்த ஜாடியும், தாங்கியும் கிடைத்தன. தாங்கியின் மேல் தமிழி எழுத்தில் 'வயிர' என்று கீறப்பட்டிருந்தது. அந்த நெல்லை ஆய்ந்ததில் கி.மு. 490 என்ற காலக்கணக்கு வந்தது. அந்தச் சொல் ஆட்பெயராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. அப்படியானால், இந்த மண்ணில் நம் கண்ணுக்கு எட்டுகிற முதல் பெயர், செத்தவருக்காக இருப்பவர்கள் குழிக்குள் வைத்த பெயர். அதே பழனியில் சித்தர் போகரின் சீடர் புலிப்பாணியின் பெயரும் இப்படித்தான் நிலைத்தது. குருவுக்காகப் புலி மேல் ஏறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று கதை சொல்லி ஊர் அந்தப் பெயரை விளக்குகிறது. அவர் வழிவந்த மடாதிபதிகள் புலிப்பாணி பாத்திர உடையார் என்ற பெயரை இன்றும் தாங்குகிறார்கள். அங்கே பெயர் ஒரு பீடம். ஆள் மாறுவார், பெயர் மாறாது. இடுகுறி, காரணம் என்று நம் இலக்கணம் பெயர்களைப் பிரிக்கும். தொட்டிலில் இடும் பெயர் பெரும்பாலும் இடுகுறி போல நின்றுவிடும். பின்னால் வருகிற பெயருக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டு சொல்ல ஊர் வேண்டும்.

மந்திரம் என்ற சொல்லை அதன் முழுக் கனத்தோடு சொல்லத்தக்க பெயரிடல் சித்தர் மடங்களைவிடக் குடியானவர் வீட்டு வாசலில்தான் நடந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால், குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அதைக் கண்டெடுப்பதுபோல் எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு படி தவிட்டை அளந்து கொடுத்து, அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருவாள். அன்று முதல் அவன் குப்பன் அல்லது தவிட்டான், அவள் குப்பம்மாள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று கூப்பிடுவதும், பிச்சை என்று பெயர் வைப்பதும் இதே கணக்கில் சேரும். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று எமன் ஏமாந்து திரும்பிப் போகட்டும் என்பது அந்தத் தாயின் வேண்டுதல். பெயருக்கு ஆளைக் காக்கும் சக்தி உண்டு என்றுதான் மேல்நாட்டு மந்திரக்காரர்களும் நம்பினார்கள். ஆனால் இங்கே அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தாய் தனியாகச் செய்ய முடியாத சடங்கு இது. எடுத்து விற்க ஒருத்தி வேண்டும், மறுநாள் முதல் தெருவே அவனைத் தவிட்டான் என்று கூப்பிட வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் ரகசியமாகச் சொல்லப்படும் பெயரால் எமனை ஏமாற்ற முடியாது.

இதை மறுப்பவர்கள் பாதிரியார்களைக் காட்டலாம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தத்துவ போதகர் ஆனார். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். இத்தாலியரான பெஸ்கி, உறுதி என்று பொருள் தரும் தன் முதற்பெயரைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். இவையெல்லாம் தேர்ந்தெடுத்த பெயர்கள்தான். ஆனால் இன்று தமிழ் படித்தவர்களுக்குப் பெஸ்கியை எந்தப் பெயரால் தெரியும்? வீரமாமுனிவர் என்றுதான். அது தமிழ்ப் புலவர்கள் கொடுத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. திண்டுக்கல்லில் இயேசு சபையாரின் பயிற்சி இல்லம் பெஸ்கி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது; பாடப் புத்தகம் வீரமாமுனிவர் என்கிறது; அவராகத் தேர்ந்த தைரியநாதர் என்ற பெயர் அறிஞர்களின் குறிப்புகளோடு நின்றுவிட்டது. ஞானஸ்நானப் பெயர்களின் கதையும் இதுவே. பவுல் என்றால் சின்னவர் என்று பொருள். ஆகவே அவர் சின்னப்பர். ஸ்தேவான் என்றால் முடி, ஆகவே முடியப்பர். கடவுளின் அருள் என்று பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் இந்தப் பக்கத்தில் பரப்பிய புராட்டஸ்டண்ட் மரபிலோ அதே ஆள் யோவானாகவே இருந்தார். ஆகவே அருளப்பன் என்றால் எந்தக் கோயில் என்று திண்டுக்கல்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு சபைகளும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு யோவான், பவுல் என்ற வடிவங்களையே எடுத்துக்கொண்டது. வேதப் புத்தகம் மாறியும் வீடுகளில் சின்னப்பனும் அருளப்பனும் மாறவில்லை. தாத்தாவின் பெயரைப் பேரன் சுமந்தான். பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததல்லவா?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. ஊரின் வாய் எப்போதும் அன்பான வாயாக இருந்ததில்லை. சேரியில் பிறந்த பிள்ளைக்கு மதிப்பான பெயர் வைத்தால் முகம் சுளித்த ஊர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தன. பெரியசாமி என்று வைத்தாலும் மேலத்தெருக்காரர் அவனைப் 'பெரியா' என்றுதான் கூப்பிடுவார். தவிட்டான் என்ற பெயரைத் தாய் அன்பினால் வைத்தாள்; அதே மாதிரிப் பெயரை ஆதிக்கம் இன்னொருவன் தலையில் இழிவாகக் கட்டியது. பெயரைக் கொடுக்கும் உரிமை ஊருக்கே என்று சொன்னால், இந்தக் கொடுமைக்கும் அது உரிமைச்சீட்டு ஆகிவிடாதா? ஆகும். ஆகவேதான் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று புதுப் பெயரைக் கேட்டவர்களுக்கு அது வெறும் மதச் சடங்கு மட்டுமல்ல. பண்ணையார் வைக்காத, பண்ணையாரின் அனுமதி தேவைப்படாத ஒரு பெயர் அன்று கிடைத்தது. தன் பெயரைத் தானே தேர்வது மனிதனின் உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த உரிமை எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதையும் இதே சமவெளி காட்டுகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பட்டத்தைத் துறக்கச் சொன்ன மாநாட்டுத் தலைவரைப் பற்றி எழுதும்போதே பலர் இன்றும் அவர் பெயரோடு நாடார் பட்டத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். சென்னையில் அவர் பெயரில் அமைந்த சௌந்தரபாண்டியன் அங்காடியையோ மக்கள் பாண்டி பஜார் என்றே சொல்கிறார்கள். அங்கே துணி வாங்குகிறவர்களில் அது யார் பெயர் என்று தெரிந்தவர் குறைவு. 1916ஐ ஒட்டித் தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட சுவாமி வேதாசலத்துக்கு நேர்ந்தது வேறு. மறைமலை அடிகள் என்ற பெயரை அவரைச் சுற்றியிருந்த தமிழுலகம் விரும்பிச் சொல்லியது. ஆகவே அது நிலைத்தது. இருவருமே உறுதியாக முடிவெடுத்தவர்கள். வேறுபட்டது கேட்டவர்களின் மனம். எண் கணிதம் பார்த்து ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் இன்றைய பழக்கத்தையும் இங்கே நினைக்கலாம். கடைப் பலகை மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது. தெருமுனையில் நின்று கூப்பிடும் நண்பனின் குரலில் அந்தக் கூடுதல் எழுத்து ஏறுவதே இல்லை.

மேல்நாட்டு மந்திரப் பெயருக்கும் உள்ளே இந்த உண்மைதான் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர் தனியாள்தான். ஆனாலும் வட்டத்துக்குள் அவரை நிறுத்தி, அந்தப் பெயரைச் சொல்லித்தான் நான்கு திசைகளுக்கும் அவரை அறிவிக்கிறார்கள். அதன் பிறகு கூட்டத்தில் இருப்பவர்கள் வேறு பெயரால் அவரைக் கூப்பிடுவதில்லை. நம் பக்கத்தில் இதன் எளிய வடிவத்தைத் தைப்பூசத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் பார்க்கலாம். மாலை போட்டு நடக்கிறவர்கள் எல்லாரும் சாமிதான். பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவரும், வங்கியில் வேலை பார்ப்பவரும், பள்ளிக்கூடப் பையனும் ஒருவரை ஒருவர் சாமி என்றே கூப்பிடுகிறார்கள். மோர்ப்பந்தல்காரர், 'சாமி, குடிச்சிட்டுப் போங்க' என்கிறார். மாலையைக் கழற்றிய மறுநாள் அந்தப் பெயர் போய்விடுகிறது. அதைத் தாங்கிப் பிடித்தது மாலையின் மணி அல்ல. வழிநெடுக அப்படிக் கூப்பிட்ட வாய்கள்.

இப்போது நம் ஊர்களில் புதுப் பெயரோடு வந்து நிற்பவர்கள் வேறு சிலர். திருநங்கைகள் தங்களுக்கு ஏற்ற பெயரைத் தேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கான நல வாரியத்தைத் தமிழ்நாடு 2008இல் அமைத்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. அடையாள அட்டையில் பெயர் மாறிவிடும். மாறாமல் இருப்பது, கூட்டத்தில் வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உறவினரின் நாக்கு. பேசாத ஒருவருக்குப் பெயர் கொடுத்து, அவரைக் குருவாக்கி, இத்தனை ஆண்டுகள் அந்தப் பெயரைக் காத்து வைத்திருக்கும் சமவெளி இது. சாகாமல் இருக்கட்டும் என்று அண்டை வீட்டுப் பிள்ளையைத் தவிட்டான் என்று கூப்பிட ஒப்புக்கொண்ட தெருக்கள் இவை. ஒரு பெயரைக் கூப்பிடுவதால் ஓர் உயிர் பிழைக்கும் என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒருவர் தன் பெயரைச் சொன்னால் அந்தப் பெயராலேயே அவரைக் கூப்பிடுவது நமக்குப் புதிதாகக் கற்கவேண்டிய பாடமாக இருக்கக் கூடாது.