பஸ்ஸில் 9 மணி நேரம், மடியில் 3 வயதுக் குழந்தை: போனைக் கையில் கொடுக்காமல் சமாளிப்பது எப்படி?

பெங்களூரு மெஜஸ்டிக்கில் இருந்து காலை 6 மணிக்கு பஸ் கிளம்புகிறது. ஹைதராபாத் வரை ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வழியில் நெரிசல் இல்லை என்றால் 9, 10 மணி நேரப் பயணம். ஹெப்பாள் மேம்பாலம் தாண்டுவதற்குள் உங்கள் மூன்று வயது வாரிசிடம் இருந்து முதல் கேள்வி வந்துவிடும்: "அம்மா, ஊர் வந்துடுச்சா?"

அடுத்த அரை மணி நேரத்தில் சீட்டின் மேல் ஏறுவது, முன் சீட்டை உதைப்பது, திரையை இழுப்பது எல்லாம் வரிசையாக நடக்கும். பக்கத்து சீட்காரர் ஒரு பார்வை பார்ப்பார். வேறு வழியில்லாமல் நீங்கள் போனை எடுத்துக் கொடுப்பீர்கள். குழந்தை அமைதியாகிவிடும்.

பிரச்னையே அந்த அமைதிதான். போனைப் பார்த்த குழந்தை அரை மணி நேரம் கழித்து ஏன் வாந்தி எடுக்கிறது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுடன் நீண்ட தூரம் பயணம் செய்பவர்களுக்கான கையேடு இது.

போன் பார்த்தால் ஏன் குமட்டுகிறது?

நம் உடல் அசைவதை மூளைக்குச் சொல்பவை முக்கியமாக இரண்டு: உள்காதும் கண்ணும். பஸ் வளைவதையும் குலுங்குவதையும் உள்காது உணர்கிறது. ஆனால் குனிந்து போனையோ படப்புத்தகத்தையோ பார்க்கும் கண், 'எதுவும் அசையவில்லை' என்று சொல்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது வருவதுதான் பயணக் குமட்டல்.

இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. அதற்குப் பிறகு 12 வயது வரைதான் அதிகம். அதாவது, 'இவனை எப்படியாவது உட்கார வைக்கணுமே' என்று நாம் தவிக்கும் வயதும், குமட்டல் அதிகமாக வரும் வயதும் ஒன்றாகவே வருகின்றன.

சின்னக் குழந்தைக்கு 'குமட்டுது' என்று சொல்லத் தெரியாது. துறுதுறுவென்று இருந்த குழந்தை திடீரென்று அடங்கிப்போவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, முகம் வெளிறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது ஆகியவை அறிகுறிகள். 'அப்பாடா, அடங்கிட்டான்' என்று நிம்மதியாவதற்கு முன் ஒருமுறை முகத்தைப் பாருங்கள்.

ஆகவே விளையாட்டைத் தேர்வு செய்ய ஒரே ஒரு விதி போதும்: பஸ் ஓடும்போது கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் காதுக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். குனிந்து பார்க்க வேண்டிய எல்லாம் பஸ் நிற்கும்போது மட்டும்.

எந்த சீட் நல்லது?

டிக்கெட் போடும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பின் சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும் குலுக்கல் அதிகம். பஸ்ஸின் முன்பாதியில், இரண்டாவது மூன்றாவது வரிசைகளை ஒட்டி, ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது.

வெயிலையும் கணக்குப் போடுங்கள். பெங்களூருவில் இருந்து ஹைதராபாத் வடக்கு நோக்கிய பயணம். காலை முழுக்க வலப்பக்கம் வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இடப்பக்கம் வரும். காலையில் வேடிக்கை, மதியம் தூக்கம் என்று திட்டம் இருந்தால் இடப்பக்க ஜன்னலே வசதி. தூங்கும் நேரத்தில் திரையை இழுத்துவிட்டால் போதும்.

தனி சீட் வாங்கலாமா? இலவச வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை கட்டணம் இல்லை என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. தனியார் பஸ்களுக்கு வேறு கணக்கு. ஆனால் இலவசம் என்றால் குழந்தைக்கு சீட் கிடையாது, உங்கள் மடிதான். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மடி தாங்கும். ஒன்பது மணி நேரத்துக்கு இருவருக்குமே தண்டனை. முடிந்தால் ஒரு சீட் வாங்கிவிடுங்கள்.

ஸ்லீப்பர் என்றால் கீழ் பெர்த் கேளுங்கள். குழந்தை ஜன்னல் பக்கம், பெரியவர் நடைபாதைப் பக்கம் படுக்க வேண்டும். திடீர் பிரேக்கில் உருண்டு கீழே விழாமல் இருக்க அதுதான் வழி.

'இன்னும் எவ்வளவு நேரம்?' என்றால் என்ன சொல்வது?

மூன்று வயதுக் குழந்தைக்கு 'இன்னும் ஆறு மணி நேரம்' என்றால் ஒன்றும் புரியாது. கண்ணால் பார்க்கிற மாதிரி காட்ட வேண்டும்.

முதல் நாள் இரவே காகிதத் துண்டுகளை வளைத்து ஒட்டி ஒரு சங்கிலி செய்யுங்கள். ஒன்பது மணி நேரம் என்றால் ஒன்பது வளையம். முன் சீட்டின் பின்புறம் மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு வளையத்தைக் குழந்தையே கிழிக்கட்டும். 'வளையம் எல்லாம் தீர்ந்தா ஊர் வந்துடும்' என்றால் அதற்குப் புரியும்.

வழியில் வருபவற்றையும் கதை மாதிரி வரிசையாகச் சொல்லி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ல் போகும் இந்தப் பயணத்தில் சிக்கபள்ளாபூர் பக்கம் குன்றுகள், பெனுகொண்டா மலை, அனந்தபூர் பக்கம் காற்றாலைகள், குத்தி மலைக்கோட்டை, கர்னூலில் துங்கபத்ரா, அதைத் தாண்டி பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா என்று வரிசையாக வரும். 'முதல்ல மலை, அப்புறம் பெரிய காத்தாடி, அப்புறம் ரெண்டு ஆறு, அப்புறம் அத்தை வீடு.' எந்த ரூட்டாக இருந்தாலும் இப்படி நாலைந்து அடையாளங்களை மேப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல், காது, கை: என்னென்ன விளையாடலாம்?

ஜன்னல் வேட்டை: 'மஞ்சள் லாரி பார்த்தா கை தட்டணும்', 'மாடு பார்த்தா ம்மா சொல்லணும்.' இரண்டு வயதுக்கு ஒரே ஒரு பொருள் போதும். நாலு வயதுக்கு மூன்று பொருள், கூடவே எண்ணிக்கை. அலுத்துப்போனால் பொருளை மாற்றுங்கள்.

டிரைவர் விளையாட்டு: ஒரு பேப்பர் தட்டு போதும். அதுதான் ஸ்டியரிங். பஸ் வளையும்போது அதுவும் வளைக்கும், பிரேக் அடித்தால் அதுவும் அடிக்கும். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதால் குமட்டலுக்கும் நல்லது. எவர்சில்வர் தட்டு வேண்டாம், பிரேக் போட்டால் முகத்தில் இடிக்கும்.

கைக்குட்டை எலி: ஒரு கைக்குட்டையை முடிச்சுப் போட்டால் எலி, மடித்தால் பாப்பா, விரித்தால் போர்வை. 'எலி எங்க போச்சு?' என்று சட்டைக்குள் ஒளித்தால் கால் மணி நேரம் ஓடும். உள்ளங்கையில் பருப்பு கடைந்து விரல் விரலாகச் சோறு ஊட்டும் நம் வீட்டு விளையாட்டும் அப்படித்தான். சாமான் எதுவும் தேவையில்லை.

அதன் சொந்தக் கதை: 'நீ பொறந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?' இதைவிடக் குழந்தைக்குப் பிடித்த கதை கிடையாது. நாலு, ஐந்து வயதுக்கு விடுகதையும் போடலாம். உங்களுக்குக் குரல் வற்றினால், முன்கூட்டியே பதிவிறக்கிய கதையைத் திரையை அணைத்துவிட்டுக் கேட்க வைக்கலாம்.

ஆச்சரியப் பை: ஒரு துணிப்பையில் ஐந்தாறு சின்னப் பொருட்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். புதிதாக வாங்க வேண்டாம். இரண்டு மாதம் பரணில் கிடந்த பொம்மையும் குழந்தைக்குப் புதுசுதான். ஒவ்வொரு வளையம் கிழிக்கும்போதும் ஒன்று. எல்லாவற்றையும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கொடுத்துவிட்டால் சரக்கு தீர்ந்தது. கிரேயான், ஸ்டிக்கர் போன்றவை பஸ் நிற்கும்போது மட்டும்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, முட்டவும் கூடாது. இட்லி, வாழைப்பழம், பொரி மாதிரி லேசானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

அனந்தபூர் வேர்க்கடலைக்குப் பேர்போன ஊர். பஸ் நின்றால் நீங்கள் வாங்கிச் சாப்பிடுங்கள், குழந்தைக்கு வேண்டாம். வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, கடின மிட்டாய் ஆகியவை சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. குலுங்கும் பஸ்ஸில் ஆபத்து இன்னும் அதிகம். குச்சி மிட்டாயும் அப்படியே, பிரேக் அடித்தால் குச்சி தொண்டையைக் குத்தும்.

'அடிக்கடி ஒண்ணுக்கு வரும்' என்று தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். வெயில் காலத்தில் நீர்ச்சத்து குறைந்தால் குழந்தை சீக்கிரம் துவண்டுவிடும். சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்காமலே கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். ஏறியதுமே நடத்துநரிடம் 'சின்னக் குழந்தை இருக்குங்க, எங்க நிக்கும்?' என்று கேட்டு வைப்பது நல்லது. டயப்பர் பழக்கம் விட்ட குழந்தைக்கும் அன்று ஒரு நாள் போட்டுவிடுவதில் தப்பில்லை.

பஸ் நிற்கும் பத்து நிமிடம் குழந்தைக்கு மிக முக்கியம். டீ குடித்துக்கொண்டே இடுப்பில் வைத்திருக்காமல், வண்டிகள் வராத ஓரமாக, கையைப் பிடித்தபடி குதிக்க விடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் உட்காருவதற்கான தெம்பு அதில்தான் வரும்.

தூக்கத்தை எப்படி வரவழைப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 1-2 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3-4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. எனவே வீட்டில் தூங்கும் அதே நேரத்தில் பஸ்ஸிலும் தூங்க வையுங்கள். வழக்கமான போர்வை, வழக்கமான தாலாட்டு, இழுத்துவிட்ட திரை போதும்.

'தூங்குவதற்கு' என்று இருமல் மருந்தோ, சளி மருந்தோ கொடுக்கவே கூடாது. பயணக் குமட்டலுக்குப் பெரியவர்கள் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட மாத்திரைகளில் இருக்கும் ப்ரோமெதசின் என்ற மருந்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம் என்பதால் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி வருகிறது என்றால், கிளம்புவதற்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

வழியில் குமட்டல் அறிகுறி தெரிந்தால், கையில் இருப்பதை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, தூரத்து மலையையோ வானத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் காற்று படட்டும். ஜன்னலைத் திறந்தால் தலையும் கையும் வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கவர், ஈரத்துணி, ஒரு செட் மாற்று உடை ஆகியவை மேலே லக்கேஜில் இல்லாமல் காலடியில் இருக்க வேண்டும். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போ போன் கொடுக்கவே கூடாதா?

உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன: 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதன் பிறகு 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எல்லா வித்தையும் தீர்ந்து, கடைசி ஒரு மணி நேரம் குழந்தை கதறுகிறது என்றால், போன் கொடுத்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பஸ் நிற்கும்போதோ நேரான சாலையிலோ, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காட்டுங்கள். அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருந்தால்தான் கடைசியில் வேலை செய்யும்.

கிளம்பும் முன் இதையும் பாருங்கள்

- ஏறியதும் அவசர வழி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
- ஓடும் பஸ்ஸில் குழந்தையை சீட்டின் மேல் நிற்கவோ, நடைபாதையில் ஓடவோ விடாதீர்கள்.
- உங்கள் போன் எண் எழுதிய துண்டுச்சீட்டைக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள்.
- நிறுத்தத்தில் இறங்கும் முன் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
- அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவி எண் 1098, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

இவ்வளவு செய்தும் குழந்தை அழத்தான் செய்யும். அது உங்கள் வளர்ப்பின் குறையில்லை. பெரியவர்களுக்கே எட்டாவது மணி நேரத்தில் அழுகை வருகிற பயணம் இது. பக்கத்து சீட்காரரிடம் ஏறியதுமே 'கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கோங்க' என்று சிரித்துச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மதியத்துக்குள் அவரே மஞ்சள் லாரி எண்ண ஆரம்பித்திருப்பார்.