வைசாலியின் வெண்கலப் பாத்திரம்: தம்ம போதனையும் பொருள் பெறுதலும்

புத்தரின் மறைவுக்குப் பின் பௌத்த சங்கத்தைப் பெரும் பூசலுக்கு உள்ளாக்கியது காசு பற்றிய ஒரு வினா. பரிநிர்வாணத்துக்கு நூறாண்டுக்குப் பின் வைசாலியில் எழுந்ததாக விநயபிடகத்தின் சுல்லவக்கம் கூறும் அவ்வழக்கில் பத்துச் செய்திகள் ஆராயப்பட்டன. கொம்புக் குடுவையில் உப்பைச் சேர்த்து வைத்தல், நண்பகல் கடந்து நிழல் இருவிரல் அளவு சாய்ந்தபின் உண்ணல் போன்ற சிறு வழக்கங்களும் அவற்றுள் அடங்கும். பொன்னும் வெள்ளியும் ஏற்றல் என்பது பத்தாவது. வரிசையில் இறுதியில் நின்றாலும் வழக்கை மூட்டியது அதுவே. அங்குத் தடுக்கப்பட்டது செல்வமா, செல்வத்தைக் கேட்டுப் பெறும் முறையா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அறவுரைக்கு விலை வைத்தல் குறித்து இன்று நிகழும் வாதங்களுக்கும் அவ்வேறுபாடே அடிப்படை.

காகண்டகரின் மகன் யசர் என்னும் தேரர் வைசாலிக்கு வந்து மகாவனத்துக் கூடகார சாலையில் தங்கியிருந்தார். உபோசத நாளில், இல்லறத்தார் கூடிய வேளையில், வஜ்ஜிபுத்தகப் பிக்குகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பிச் சங்கத்தின் நடுவே வைத்தனர். சங்கத்துக்குத் தேவைகள் உள. ஒரு கஹாபணமோ, அரையோ, காலோ, ஒரு மாசகமோ இடுக என்று வந்தோரிடம் கேட்டனர். கொடுக்க வேண்டா என்று யசர் தடுத்தார். ஆயினும் மக்கள் இட்டனர். மறுநாள் தொகையைத் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிட்ட பிக்குகள் யசருக்கும் ஒரு பங்கு நீட்டினர். அவர் மறுத்தார். அதனால் உபாசகர்களை இழித்துரைத்தார் என்று குற்றஞ்சாட்டி, அவர்களிடம் சென்று மன்னிப்புக் கேட்குமாறு பணித்தனர்.

யசர் விதிப்படி ஒரு துணைத் தூதரைப் பெற்றுக்கொண்டு நகருக்குள் சென்றார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிறும் திங்களும் முகிலாலும் பனியாலும் புகை தூசியாலும் இராகுவாலும் மறைக்கப்படுவது போலத் துறவியரும் கள், காமம், பொன் வெள்ளி ஏற்றல், தீய பிழைப்பு ஆகிய நான்கினால் ஒளி இழப்பர் என்னும் புத்தரின் உரையை எடுத்துரைத்தார். காசு கொடுத்த மக்களே அவர் பக்கம் திரும்பினர். பூசல் அதன்பின் பெரிதாயிற்று. எழுநூறு தேரர் கூடினர். கிழக்கிலிருந்து நால்வர், மேற்கிலிருந்து நால்வர் எனக் குழு அமைந்தது. கிழக்கத்தியர் இரேவத தேரரின் ஆதரவைப் பெற வேண்டி அவர் மாணவர் உத்தரருக்கு ஓர் ஆடையை அளித்தனர் என்பதும், அதை ஏற்ற உத்தரரை ஆசிரியர் விலக்கினார் என்பதும் அந்நூல் தரும் செய்தி. பொருள் பற்றிய வழக்கு பொருளாலேயே வளைக்கப்பட முயன்றது. இறுதியில் இரேவதர் வினவ, மூத்தவரான சப்பகாமி விடையிறுத்தார்: பொன்னும் வெள்ளியும் ஏற்றல் ஆகாது, அவ்விதி இராசகிருகத்தில் பிறந்தது. சாக்கிய மரபினரான உபநந்தர் தமக்கென வைத்த இறைச்சிக்கு ஈடாக ஒரு கஹாபணம் பெற்ற நிகழ்ச்சியே அவ்விதியின் தோற்றக்கதை.

இவை அனைத்தும் வென்றவர் எழுதிவைத்தவை. தோற்றவரின் குரல் பாலி மூலத்தில் அரிதாகவே கேட்கிறது. ஆயினும் 5ஆம் நூற்றாண்டில் பாகியானும் புத்தபத்திரரும் சீனத்தில் பெயர்த்த மகாசாங்கிக விநயத்தில் அக்குரலின் எதிரொலி உண்டு. பெருமான் இருந்த காலத்தில் உணவும் உடையும் வந்தன. இப்போது நாங்கள் ஆதரவற்றோர் ஆனோம் என்னும் பொருள்பட அங்குள்ள பிக்குகள் கொடையாளரிடம் பேசுகின்றனர். அந்நூலும் அவர்களைக் கண்டிக்கவே செய்கிறது. எனினும் அவர்களை வெறும் பேராசைக்காரர் என்று ஒதுக்குதல் பொருந்தாது. வைசாலி செல்வம் கொழித்த நகரம். நாணயம் புழங்கும் ஊரில் சோறு மட்டும் ஏற்று வாழ்தல் எளிதன்று.

போதனைக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு வைசாலிக்கு முன்பே வினாவுக்கு உள்ளாயிற்று. மகத நாட்டு ஏகநாலையில் உழவுத் தொழில் செய்த பாரத்துவாசன் என்னும் அந்தணன், புத்தர் கூறிய பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து பாற்சோறு அளித்தான். பாடலுக்கு ஈடாக வந்த உணவு உண்ணத் தகாதது என்று அவர் மறுத்ததாகச் சுத்தநிபாதம் கூறும். இங்கு விலக்கப்பட்டது உணவு. ஆகவே வழக்கின் மையம் நாணயம் அன்று, கைம்மாறு என்பது தெளிவு. மற்றொரு விதி இன்னும் கூர்மையானது: தேரர்கள் ஆதாயத்துக்காகவே பிக்குணிகளுக்கு அறிவுரை தருகின்றனர் என்று பழித்தல் குற்றம். அத்தகைய பழி வழங்கியிருந்தாலன்றி இவ்விதி தோன்றியிராது.

அப்படியாயின் சங்கம் எவ்வாறு வாழ்ந்தது? விநயம் கண்ட வழி, இடையே ஒருவரை நிறுத்துவது. கொடையாளர் காசைக் கப்பியகாரகர் என்னும் இல்லறத்தாரிடம் ஒப்படைப்பர். அவர் தகுந்த பொருளை வாங்கித் தருவார். ஆடைக்கான தொகையாயின் பிக்கு அவரிடம் மும்முறை வாய்திறந்து கேட்கலாம். ஆறுமுறை வரை பேசாமல் சென்று நிற்கலாம். அதற்கு மேல் வற்புறுத்தல் ஆகாது. கொடுத்தவரிடம் செய்தியைச் சொல்லிவிட வேண்டும். வாய்மூடி நிற்கும் அக்காட்சி சட்ட நூலில் காணக்கிடைக்கும் அரிய நகைச்சுவை.

இவ்வேற்பாடு பின்னர் அறக்கட்டளையாக விரிந்தது. நாசிக் குகைக் கல்வெட்டில் நகபானனின் மருமகன் உசவதாதன் 3000 கஹாபணங்களை நெசவாளர் குழுக்களிடம் வைப்பாக இடுகிறான். 2000க்குத் திங்களுக்கு நூற்றுக்கு ஒன்று வட்டி; 1000க்கு முக்கால். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் நுகர வேண்டும். குகையில் மழைக்காலம் தங்கும் பிக்குகள் இருபதின்மருக்கு ஆடைக்கென ஆளுக்கு 12 கஹாபணம். இரண்டாயிரத்தின் ஓராண்டு வட்டி 240. கணக்குச் சரியாகவே பொருந்துகிறது.

தமிழகமும் இம்மரபுக்குப் புறம்பன்று. விநயவினிச்சயம் இயற்றிய புத்ததத்தர் அதனை எழுதியது சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரையில். மணிமேகலையின் அமுதசுரபியில் ஆதிரை இட்ட முதற்பிச்சை சோறு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தபோது, பெரிய லெய்டன் செப்பேடுகளின்படி அவ்வூரின் காணிக்கடன் 8943 கலத்துக்கு மேற்பட்ட நெல். ஓர் ஊரின் விளைச்சல் சிறு செல்வம் அன்று. ஆயினும் அறவுரை கேட்க வந்தவர் முன் எவரும் பாத்திரம் வைக்கவில்லை.

உசவதாதனின் குகையுள்ள அதே நாசிக் மாவட்டத்து இகத்புரியில் 1976இல் எஸ். என். கோயங்காவின் தியான நிலையம் இயங்கத் தொடங்கியது. அவருடைய ஆசிரியர் ஊ பா கின் பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். அம்மரபின் நிலையங்களில் பத்து நாள் பயிற்சிக்கோ உணவுக்கோ உறையுளுக்கோ கட்டணம் இல்லை; ஒரு பயிற்சியையேனும் முடிக்காதவரிடம் கொடையும் ஏற்பதில்லை. மேலை நாட்டு நிலையங்கள் பல உணவுக்கும் தங்கலுக்கும் தொகை குறித்துவிட்டு, ஆசிரியருக்கு உரியதைத் தானமாக விட்டுவிடுகின்றன. வறியவர் வாயிலிலேயே நின்றுவிடுவர் என்பது கட்டணத்தை எதிர்ப்போர் வாதம். இப்போது கற்பிப்போருள் பலர் இல்லறத்தார். பிச்சைப் பாத்திரம் ஏந்தாத அவர்க்கு வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் படிப்புச் செலவு உண்டு என்பது மறுதரப்பின் விடை. காவியுடுத்தோர்க்கென இயற்றப்பட்ட விநயம் இவர்களைப் பற்றி எதுவும் விதிக்கவில்லை.