பழைய தகரத்தில் ஒரு காவல் குடில்

பரண் என்றதும் வேட்டைதான் ஞாபகம் வரும். மான், மரை வேட்டை இலங்கையில் குற்றம். நான் எழுதுவது, மீரியபெத்த போன்ற பதுளைத் தோட்டங்களில் மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் குடிலைப் பற்றி. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கு இந்தக் காவல் புதிதல்ல.

கடையில் வாங்க அதிகமில்லை. நான்கு டர்பன்டைன் கம்புகள், லயத்துக் கூரையில் கழற்றிய தகரம், மறைப்புக்குப் பிரித்துத் தைத்த உரப்பைகள். கவ்வாத்து மிலாறு தளத்தைத் தாங்காது, வேலியடைக்க உதவும். தகரத்தின் மேல் பழைய டயர் வையுங்கள், ஆணியை மட்டும் நம்பினால் காற்று கூரையைக் கொண்டுபோய்விடும். பன்றிக்கு மோப்பம் அதிகம், ஒளிந்திருந்து பயனில்லை. வெறும் மீன் டின்களுக்குள் கல் போட்டுப் பாத்தியைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்டால், குடிலிலிருந்து ஓர் இழுப்பு போதும்.

கம்பிச் சுருக்கு வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது.

இடம்தான் முக்கியம். தளம் மட்டமாக வேண்டுமென்று சரிவை வெட்டாதீர்கள். கம்புகளின் உயரத்தை மாற்றுங்கள். வடிகானை மறிக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த லயங்களை மண் மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது; போக வேறு வீடுதான் இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ, நிலத்தில் புதிய வெடிப்புத் தெரிந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ அன்றிரவு காவலுக்குப் போகாதீர்கள். கோவாவைப் பன்றி தின்றுவிட்டுப் போகட்டும்.